மெத்தையைத் தூக்கிப் பார்த்த சம்பந்தி

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
சனிக்கிழமை.

அன்பும் பாசமும் மிகுந்த மச்சினன் எட்வினுக்கு, உன் அக்காவைக் கட்டிய ஒரே காரணத்துக்காக இன்னும் உன்னோடு உறவு வைத்திருக்கும் அத்தான் பிரான்சிஸ் ஆசீர்வதித்து எழுதுவது. கொச்சியில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எனக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் அளவாக இருக்கின்றன. மானம் ஒன்றுதான் போய்விட்டது. போனில் சொல்லலாம் என்றால், எனக்குக் கோபம் வருகிற இடத்தில் சரியாக உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

கிறிஸ்மஸுக்கு வந்தவன் ஒரு கேக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ரிட்டயர்டு ஆன மனுஷனுக்குப் பொழுது போகவேண்டுமே என்று, நான் கேட்காமலே, உன் பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்தாய். "அத்தான், இதுல இருக்குற வெளையாட்டு நாங்க காலேஜ்ல வெளையாண்டது. சுட வேணாம், ஓட வேணாம். படத்துல எங்கன வேணாலும் மவுஸ வச்சு அமுக்குங்க, போதும். தப்பாப் பண்ணாலும் சாக மாட்டீக" என்றாய். முப்பது வருஷம் பூகோளம் நடத்திய எனக்கு, திரையில் புள்ளி புள்ளியாக ஒரு துறைமுகம், அதில் காணாமல் போன அண்ணனைத் தேடி அலைகிற ஒரு கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். முதல் நாள் அவனைக் கடைத்தெருவைத் தாண்ட வைக்கவே என்னால் முடியவில்லை. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தாய். கண்ணில் படுவதை எல்லாம் எடுத்துப் பைக்குள் போட வேண்டும், எதற்கு உதவும் என்று யோசிக்கக் கூடாது, மூடியிருப்பதை எல்லாம் திறக்க வேண்டும், ஆள் விடாமல் பேச வேண்டும், பேசியவனிடமே மறுபடியும் பேச வேண்டும், நாலாவது தடவைதான் உண்மை வரும் என்றாய். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். சுங்க ஆபீஸ் ஜன்னலில் கருவாட்டைக் கட்டினால் கடற்பறவை வந்து கொத்திக் கண்ணாடியை உடைக்கும் என்று நானாகக் கண்டுபிடித்த அன்று, வேலை கிடைத்த அன்றைக்குக்கூட இல்லாத சந்தோஷம் எனக்கு. அதை மறைக்க மாட்டேன். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் எல்லாம் சிபாரிசு செய்தேன். பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னேன். திராட்சைக்கு மருந்தடிக்கிற பால்பாண்டி மட்டும் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கருவாட்ட வறுத்துத் தின்னுட்டு அவன் பேசாம ஊருக்குப் போயிருக்கலாம்ல சார்" என்றான். அவனோடு நான் இப்போது பேசுவதில்லை.

இதற்கு நடுவில்தான் என் மகள் ஷெரினுக்குக் கோம்பைச் சம்பந்தம். கிறிஸ்மஸுக்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது உனக்குத் தெரியும். பையன் கிங்ஸ்லிக்கு பேங்க் வேலை. அவன் அப்பா ஆரோக்கியசெல்வம் தோட்டம் துரவோடு இருக்கிறவர். தவக்காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பதால் எல்லாமே அவசரம். அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. பூசையில் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, தடை ஏதும் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று வாரம் கேட்பாரே, அதுதான். அதற்கு முன்னால் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வர வேண்டும். பார்ப்பது என்றால் முன்ஹாலில் உட்கார்ந்து காபியைக் குடித்து, வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பது. என் புத்தி அப்போது என் வசத்தில் இல்லை. வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

காபி வருவதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்தேன், காலண்டரைத் திருப்பினேன், மாப்பிள்ளையின் அறைக்குப் போய் மெத்தையைத் தூக்கினேன். எதிர்ப்பட்ட சின்னச் சாமான்களை எல்லாம் என் கை தானாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தது, நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. உன் அக்கா அனிதா மேரி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏங்க, வந்து உக்காருங்க" என்றாள். மறுபடி கேட்டாலும் அவளிடம் அதே வார்த்தைதான் வரும் என்று தெரிந்ததால் அடுத்த ஆளிடம் போனேன். அங்கே நாய்களைப் பார்த்துக்கொள்கிற சின்னக்கருப்பு என்று ஒருவன். "பையன் எப்படிப்பா?" என்றேன். "தங்கமானவுக" என்றான். மறுபடி கேட்டேன். "அதான் சொன்னேன்ல, தங்கமானவுக" என்றான். மூன்றாவது தடவை நாய்ச் சட்டியைக் கழுவப் போய்விட்டான், நானும் பின்னாலேயே போனேன். நாலாவது தடவை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒரே ஒருக்கா கூடலூர்ல பீர் குடிச்சாக. இனியாச்சும் என்ன விடுங்கய்யா" என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த வேகத்தில் ஹாலுக்குத் திரும்பி இருதய ஆண்டவர் படத்தை நகர்த்தினால் பின்னால் ஆணியில் ஒரு சாவி. பின்கட்டில் பூட்டிய ஓர் அறை. சாவி பொருந்தியது. உள்ளே குட்டி போட்ட கோம்பை நாய்.

அது என் வேட்டியைக் கவ்வியதை விவரமாக எழுத மாட்டேன். நாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது இரண்டு வீட்டு ஆட்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். என் பையிலிருந்தும் மடியிலிருந்தும் ஒவ்வொன்றாக விழுந்தது. ஒரு சீப்பு, பாதி எலுமிச்சம்பழம், ஒரு வெள்ளிக் கரண்டி, மாப்பிள்ளையின் அம்மா காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஆரோக்கியசெல்வம் குனிந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரவுக வீடு பாக்க வருவாக. நீங்க வீட்டக் காலி பண்ண வந்தவுக மாதிரியில்ல இருக்கீக" என்றார். சமாளிக்க வேண்டுமே என்று, "அது ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர்ல பழைய வெளையாட்டு ஒண்ணு இருக்கு. நீங்களும் வெளையாண்டு பாத்தீகன்னாப் புரியும்" என்று அவருக்கும் சிபாரிசு செய்தேன். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லையாம். மறுநாளே சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இப்போது உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது, அதுவும் சத்தமாக வருகிறது. ஷெரின் ஸ்கூலுக்குப் போகிறாள், பாடம் நடத்துகிறாள், திரும்பி வருகிறாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை ஒரு மவுஸை வைத்துக்கொண்டு கெடுத்திருக்கிறேன், அந்த மவுஸை என் கையில் திணித்தவன் நீ. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டு குமுளி வழியாக பஸ் ஏறு. வீட்டுக்கு வராதே, நேராகக் கோம்பைக்குப் போ. ஆரோக்கியசெல்வம் காலில் விழுந்தாவது, அத்தான் மேல் தப்பில்லை, கெடுத்தது நான்தான் என்று சொல்லி ஓலையை வாசிக்க வை. அது முடியாது என்றால் என் சாவுக்கும் வராதே. லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடு. சார்ஜரை உன் அக்கா ஒளித்து வைத்திருக்கிறாள், எங்கே என்று எனக்குத் தெரியும்.

உன் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் முத்தம். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் மேல் உள்ள கோபம் போக மீதி அன்புடன்,
அத்தான் பிரான்சிஸ்.

பி.கு.: ஒட்டுவதற்குள் ஷெரின் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "நாய் பாக்குற அண்ணன்ட்ட நாலு தடவ கேட்டிருக்கீக. எங்கிட்ட ஒரு தடவ கேக்கலையேப்பா" என்றாள். கேட்டேன். "வேணாம்ப்பா. மொதல்ல இருந்தே வேணாம்" என்றாள். இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கோம்பைக்குப் போக வேண்டாம். கிறிஸ்மஸ் அன்றைக்கு மொட்டை மாடியில் வைத்து இதை உன்னிடம் சொல்லி அழுதாளாம். "அழாத, இப்பவே போயி நான் அப்பாட்ட பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நீ கீழே இறங்கி வந்தாயாம். எட்வின், இறங்கி வந்து நீ என்னிடம் பேசியது அந்த விளையாட்டைப் பற்றித்தான்.