எச்சி மேடமும் இருபத்திரண்டு வாய்களும்

ராமநாதபுரம் மாவட்டத்திலேயே, காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு பெண்களைக் குளியலறை வாசலில் வரிசையாக நிற்கவைத்து, "துப்புங்க" என்று சொல்லி, துப்பியதற்கு ஒவ்வொருவருக்கும் நன்றியும் சொன்ன ஒரே மனுஷி எச்சி மேடம்தான். போட்டிக்கு வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்க வேண்டாம். ஒருவரிடம் பட்டதே போதும்.

அப்பா அம்மா வைத்த பெயர் நன்றாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த எங்கள் விடுதியில்தான் அதை யாரும் உபயோகித்ததில்லை. உச்சிப்புளிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கூடவே முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி, எட்டாவது வருடமாக. நான் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தபோது, அவர் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் முதல் கேள்வி வந்தது.

"கடைசியா எப்பப் பல்லு வெளக்குனீங்க?"

"காலையில."

"எந்த பேஸ்ட்டு?"

சொன்னேன். இழவுச் செய்தி கேட்டவர் மாதிரி முகம் சுருங்கிவிட்டது. "நல்லவன் கெட்டவன் பாக்காம வாயில இருக்கிற அம்புட்டுப் பேரையும் கொன்னுருமே அது" என்றார். எனக்குத் தெரிந்து என் வாயில் அப்போது யாரும் இல்லை.

பிறகுதான் விளக்கினார். எல்லார் வாயிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் உண்டு. சில பல்லைச் சொத்தையாக்கும். சில நல்ல ஜாதி; அவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டவற்றுக்கு இடம் குறையும். அந்த நல்ல கிருமிகளை உயிரோடு கலந்த பற்பசை ஒன்று கடைக்கு வந்திருந்தது. அது சொன்னபடி கிருமிகளை வாயில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா? சேர்ந்தவை அங்கே தங்குகின்றனவா? மேடத்தின் ஆராய்ச்சி இவ்வளவுதான்.

"இதுக்கு எட்டு வருஷமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. வாயைத் திறந்து முன்பல் செட்டைக் கழற்றிக் காட்டினார். பன்னிரண்டு வயதில் மேல்வரிசை முன்பற்கள் நாலும் சொத்தையாகி, முதுகுளத்தூரில் பிடுங்கி எறிந்தார்களாம்.

"பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் எனக்குப் பேரு பொக்கைதான். இது நெசமா வேலை செஞ்சா எங்கூருல வேற ஒரு புள்ளைக்கு அந்தப் பேரு வராது."

செட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் துப்ப மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

விடுதியில் இருந்த இருபத்திரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். பாதிப் பேருக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டியூப், பாதிப் பேருக்கு நீலம். ஒன்றில் நல்ல கிருமி உண்டு. இன்னொன்றில் கிருமி இல்லாத அதே பற்பசை. எது எது என்று மேடத்துக்கே தெரியக்கூடாது என்பதால், அந்த ரகசியம் மதுரையில் அவருடைய கைடு சாரிடம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. காலையில் பல் விளக்கும் முன்னும் விளக்கிய பின்னும், பிறகு மாலையிலும் துப்ப வேண்டும். எல்லாம் சரி. கடைசி விதியை அவர் படித்தபோதுதான் சாப்பாட்டுக் கூடம் அதிர்ந்தது. முப்பது நாளைக்குத் தயிர், மோர், பழைய சோறு கூடாது. அவற்றில் இருக்கும் கிருமிகளும் இந்த நல்ல கிருமிகளும் பங்காளிகள். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் வளர்ந்தால் அடையாளம் பிரிப்பது கஷ்டம்.

அப்போது பங்குனி மாதம். ராமநாதபுரம் வெயிலை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"ஏத்தா, மோரு இல்லாம இந்த வெக்கையில மனுசரு இருக்கவா சாகவா?" என்று கேட்டார் சமையல் செய்யும் ராக்கு அக்கா.

"முப்பது நாளுதான்க்கா."

"முப்பது நாளு கழிச்சு இங்கன யாரு இருப்பா?"

கீழக்கரையிலிருந்து வந்து வங்கியில் வேலை பார்த்த நூருல் நைசாக நழுவப் பார்த்தாள். "மேடம், நான் நோன்பு வைக்கப் போறேன். என்னைய விட்டுருங்க."

"விடுறதா! பகல் பூரா வாயில ஒண்ணும் போகாது. உன்னைய மாதிரி ஒரு வாயி எனக்கு எங்கிட்டுத் தேடுனாலும் கெடைக்காதும்மா!"

"யா அல்லாஹ்" என்று நூருல் டியூப்பை வாங்கிக்கொண்டாள்.

துப்பியதை ஐஸில் வைத்துக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேடம் வாங்கியது பாம்பனில் மீன் ஏற்றிய பழைய தெர்மாகோல் பெட்டி. எவ்வளவு கழுவியும் அது தன் பூர்வீகத்தை மறக்கவில்லை. ராமேஸ்வரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் மோப்பம் பிடித்து விசாரித்தார்.

"என்ன மீனுத்தா? நகரையா, ஊளியா?"

"மீனு இல்லக்கா. எச்சி."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். "எச்சியா? அது எந்தப் பக்கத்துக் கடல்ல படுது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேடமோ உச்சிப்புளி வரைக்கும் பொறுமையாக அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அந்த அம்மாளும் துப்பித் தரத் தயாராக இருந்தார்.

முதல் வாரத்திலேயே இடி விழுந்தது. ஒரு மாலை மேடம் வெறும் கையோடு வந்து விடுதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"எல்லாரும் போயிட்டாங்கக்கா. ஒருத்தர்கூட மிச்சமில்ல."

ராக்கு அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அய்யோ ஆத்தா! என்ன ஆச்சு? வேன் கவுந்துருச்சா?"

"அவிஞ்சுட்டாங்க."

"தீயா? எங்கிட்டு?"

அதற்குள் நாலு பேர் கூடி, இரண்டு பேர் ஒப்பாரிக்குத் தயாராகி, ஒருத்தி முதுகுளத்தூருக்கு, மேடத்தின் வீட்டுக்கே போன் போட்டுவிட்டாள். கிருமி வளர்க்கும் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, தட்டுகளெல்லாம் வெந்துபோயின என்பது புரியக் கால் மணி நேரமானது. மறுமுனையில் அழுதுகொண்டிருந்த அவர் அம்மாவைச் சமாதானப்படுத்த இன்னும் அரை மணி.

கருவியைச் சரிசெய்து, முதலிலிருந்து தொடங்கினார். பதினைந்தாம் நாள் தட்டுகளின் படங்களை போனில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வட்டத் தட்டு நிறைய வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "வந்துட்டாங்க! உசுரோட வந்துட்டாங்க!" என்று சிரித்தார். எப்போதும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவர், அன்று மூட மறந்துவிட்டார்.

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

"பத்தொம்பது தட்டுல இருக்கு" என்றார் மெதுவாக. "பாதிதான இருக்கணும்?"

ராக்கு அக்காதான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நாலாம் நாளிலிருந்து அடுப்படியில் ஒரு பானை மோர் இருந்தது. உப்பும் கறிவேப்பிலையும் போட்டது. ஒவ்வொருத்தியாகப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம். குடிக்காதவர்கள் மூன்றே பேர், மூவருமே நீல டியூப். அதில் ஒருத்தி நூருல். நோன்பு திறந்த பிறகு அவளும் குடித்திருக்கலாம். "ஒத்துக்கிட்டேன்ல" என்று அவள் தொடவில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்களுமா?"

தலையசைத்தேன்.

"தெனமுமா?"

அதற்கும் தலையசைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் நான் கடைந்தெடுத்த பாவியாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கைடு சார் போனில் வழி சொன்னார். அவர் குரல் எனக்கே கேட்டது. "சிவப்பு எது நீலம் எதுன்னு நான் சொல்றேன். தேவையான படத்தை மட்டும் வச்சு எழுதிருங்கம்மா. யார் வந்து பாக்கப்போறா? ஆடியோட உங்க கெடு முடியுது."

"அது தயிரு சார்."

"என்னது?"

"பேஸ்ட்டப் பத்தித்தான சார் நான் எழுதணும். அந்தப் படத்துல இருக்கிறது தயிரு."

மூன்றாம் முறையும் தொடங்கினார். இந்த முறை ராக்கு அக்கா மோர் கடையும் மத்தையே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிருத்தா. கண்ணுல பட்டாக் கை சும்மா இருக்காது." அக்கினி நட்சத்திரம் முழுக்க இருபத்திரண்டு பேரும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒழுங்காகத் துப்பினோம். அந்த விடுதி வரலாற்றில் அவ்வளவு ஒற்றுமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உறையைப் பிரித்தார்கள். சிவப்பில்தான் உயிருள்ள கிருமி. பல் விளக்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த தட்டுகளில் சிவப்புக்காரர்கள் எல்லாருக்கும் புள்ளிகள் இருந்தன. மாலையில் விரல் விட்டு எண்ணலாம். மறுநாள் காலை பல் விளக்குவதற்கு முன் எடுத்ததில் ஒன்றுகூட இல்லை. முப்பது நாள் விளக்கி நிறுத்திய பிறகும் அதே வெறும் தட்டு. அதோடு, எங்கள் அறை வெக்கையில் கிடந்த டியூப்பைச் சோதித்தால், மாதக் கடைசியில் உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன.

"கொண்டுபோயி விடத்தான் செய்யுது" என்றார் மேடம். "தங்க மாட்டேங்குது."

"வேற பேஸ்ட்டுல தங்குமோ என்னமோ" என்றேன்.

"தங்கலாம். இந்த பேஸ்ட்டு, இந்த ஊரு வெயிலு, இந்த இருவத்திரண்டு வாயி. அம்புட்டுத்தான் நான் சொல்ல முடியும்." நோட்டை மூடினார். "எட்டு வருசம். கேட்ட கேள்விக்கு 'இல்ல'ன்னு பதிலு வந்திருக்கு. அதுவும் பதிலுதான?"

பதில்தான் என்றேன். பிறகுதான் அவர் அழுதார். முன்பு படியில் உட்கார்ந்து கிருமிகளுக்காக அழுதபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை வரவில்லை.

உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார். இதை வைத்துப் பட்டம் கேட்க முடியாது என்று கைடு சார் கையெழுத்துப் போடவில்லை. ஆடி முடிந்தது, கெடுவும் முடிந்தது. பட்டம் இல்லாதவருக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று கல்லூரியும் கைவிரித்தது. அவர் கட்டிலுக்கு, வாயைப் பற்றி எதுவுமே கேட்காத ஒரு பெண் வந்து சேர்ந்தாள்.

சென்ற மாதம் பரமக்குடியில் அவரைப் பார்த்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தலை நரைத்திருந்தது. வேலை முடிந்ததும் என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். இத்தனை வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த மன்னிப்பை அங்கே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டேன். "வெயிலு அப்புடி இருந்துச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். ராமநாதபுரம் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வந்தன. மூன்றையும் பார்க்காத மாதிரியே உட்கார்ந்திருந்தோம்.