இரண்டு கூடாரம், நடுவில் ஓடை

மலையில் மூன்று ராத்திரி எங்கெங்கே தங்குவது என்பதை இனிமேல் தான் மட்டுமே முடிவு செய்வதென்று, ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும்போது சோபாக்காரர் சபதம் போட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை.

சோபாக்காரர் என்றால் சோபாவில் சாய்ந்து கிடப்பவர் அல்ல. அடுத்தவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழியாக்கிய சோபாவுக்குப் பஞ்சு திணித்து, புதுத் துணி போட்டு, ஆணி அடித்துக் கொடுப்பவர். அவருடைய எதிரி, அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு சர்வேயர். சர்வேயருக்கு மனைவி கிடையாது. தொப்பையும் கிடையாது. இரண்டில் எது அதிகமாக உறுத்தியது என்று சோபாக்காரருக்கே தெரியாது.

டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து சோபாக்காரரின் மனைவி தினமும் பூங்காவில் ஒரு கூட்டத்தோடு நடந்தாள். கூட்டத்துக்குத் தலைவர் சர்வேயர். அவர் அவளை "மேடம்" என்று கூப்பிடுவார். கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் வீட்டில் அவள் கேட்டதிலேயே மரியாதையான வார்த்தை "ஏய்" தான்.

நாலு நாள் மூட்டை தூக்கிக்கொண்டு மலை ஏறுவதாக எட்டுப் பேர் பேசினார்கள். ஒருவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒருவருக்குப் பேத்தி பிறந்தாள். மற்றவர்களுக்குக் காரணம்கூடக் கிடைக்கவில்லை, சும்மாவே நின்றுவிட்டார்கள். மிஞ்சியது சர்வேயரும் மேடமும். அன்றைக்கே சோபாக்காரர் கடைக் கதவில் நாலு நாள் விடுமுறை என்று எழுதி ஒட்டினார். முதல் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிற மனுஷன்.

மூன்று பேருக்கு இரண்டு கூடாரம் வாடகைக்கு எடுத்தாயிற்று. ஒன்று தம்பதிக்கு, இன்னொன்று சர்வேயருக்கு என்று சோபாக்காரர் தன் மனதில் பங்கு பிரித்துக்கொண்டார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சிக்கல் வரைபடத்தில் ஆரம்பித்தது. மனைவி அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, சர்வேயர் குறித்துக் கொடுத்த ஏரிக்கரையைக் காட்டினாள். கோடு நெருங்கி இருந்தால் செங்குத்து, தள்ளி இருந்தால் சமதரை என்று பாடம் வேறு நடத்தினாள். சர்வேயர் ஒரே நிமிஷத்தில் புரிய வைத்தாராம்.

"நானும்தான் இத்தனை வருஷமா உனக்கு எவ்வளவோ புரிய வைக்கப் பார்க்கிறேன்."

"அதெல்லாம் உங்களுக்கே புரியாத விஷயமா இருக்கும்." டீயை அவர் முன்னால் வைத்தாள். "ஏரிக்கரை நல்ல இடம்ங்க. தண்ணி பக்கம், காத்து அடிக்காது. ரெண்டு கூடாரத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக்கலாமாம்."

அந்தப் 'பக்கத்துல' சோபாக்காரரின் காதுக்குள் போய் வயிற்றில் எரிந்தது. அவள் அதை இரண்டு தரம் சொன்னதை அவர் கவனித்தார். ஏன் இரண்டு தரம் சொன்னாள் என்று யோசிக்கத்தான் இல்லை.

மூன்று நாள் கடையில் ஒரு சோபா நகரவில்லை. வனத்துறை கொடுத்த கையேட்டை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எத்தனை கூடாரம் கொள்ளும் என்று சோபாக்காரர் வரி வரியாகத் தேடினார். எல்லாரும் நல்ல இடம் தேடுவார்கள். அவர் தேடியது கெட்ட இடம். முதல் ராத்திரிக்கு ஒரு ஓடை. இந்தக் கரையில் ஒரு கூடாரத்துக்குத்தான் தரை, அந்தக் கரையில் இன்னொன்றுக்கு. இரண்டாவது ராத்திரிக்குப் பாறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றாவது, மலைமுகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இனி சர்வேயர் மேடத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் தண்டோராதான் போட வேண்டும்.

ஏரிக்கரையில் கொசு என்று காரணம் சொன்னார். சர்வேயர் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. மனைவி ஒரு பெருமூச்சு விட்டு, உங்கள் இஷ்டம் என்றாள். சண்டையில்லாமல் ஜெயித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் பொழுது சாயும் நேரத்துக்கு, நாக்குத் தள்ளி, ஓடைக்கு வந்து சேர்ந்தார். அவர் எதிர்பார்த்ததைவிட அகலம். இரைச்சலும் பிரமாதம். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கூடார மூட்டையை அவிழ்க்கக் குனிந்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு. நான் அந்தக் கரைக்குப் போறேன். நீங்களும் சர்வேயரும் இங்க போட்டுக்கங்க."

"ஏய், நாம புருஷன் பொண்டாட்டி இல்லையா?"

"வீட்டுல. முப்பத்திரண்டு வருஷமா உங்க குறட்டைக்குப் பக்கத்துல படுத்திருக்கேன். மூணு ராத்திரி தூங்கிட்டு வரேங்க."

கல்லுக்குக் கல் தாண்டி அவள் அக்கரை போய்ச் சேர்ந்தாள். சோபாக்காரர் பின்னாலேயே ஒரு காலை வைத்தார். கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. எடுத்துக்கொண்டார்.

சர்வேயர் முளைக்குச்சி அடித்துக்கொண்டே, கேட்காமலே சொன்னார். "மேடம் போன மாசமே கேட்டாங்கண்ணே, குறட்டை கேக்காத தூரத்துல இடம் உண்டான்னு. அப்படி யாரும் தேட மாட்டாங்களேன்னேன். 'நீங்க ஏரிக்கரைன்னு மட்டும் குறிச்சுக் கொடுங்க, மீதியை எங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவார்'னாங்க."

அக்கரையில் கூடாரம் எழுந்துவிட்டது. சோபாக்காரர் இரண்டு கையையும் குவித்து, நாளைக்கு ஏரிக்கரைக்கே போய்விடலாம் என்று கத்தினார். ஓடை அதை விழுங்கிவிட்டது. அவள் அங்கிருந்து என்னவோ சொல்லிக் கையை ஆட்டினாள். சோபாக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அவளோடு நடக்கிற சர்வேயருக்கு அவள் வாயசைவே போதுமாயிருந்தது.

"நாளைக்கு நீங்க பார்த்து வச்ச இடம் இதைவிடத் தூரமாம்ணே. மேடம் உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க."