வெளியே பூட்டுங்க, சார்

ராஜபாளையத்தில் தன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரனிடம் சாவியைக் கொடுத்த ஒரே ஆள் எங்கள் காம்பவுண்டு பூட்டுக்காரர்தான். வாய்க்கால் தகராறில் அரிவாளை வீசிவிட்டு, பல வருஷம் ஜெயிலில் இருந்து திரும்பியவர். பகலில் மில்லில் பஞ்சுப் பொதி தூக்குவார். பொழுது சாய்ந்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்த முகம் வந்து நிற்கும்.

“சார், செத்த வந்து பூட்டிருங்க. பூட்டுச் சத்தம் கேட்டாத்தான் கண்ணு அசருது.”

பூட்டுவேன். உள்ளேயிருந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். “நல்லா விழுந்திருக்கு சார்” என்று பாராட்டு வேறு!

எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த அம்மாவிடம் யாரும் இதைச் சொல்லித் தொலைக்கவில்லை. மேகம் கறுத்த ஒரு சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்.

“தாயி, மழ வருதா?”

அந்த அம்மா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் என்னிடம் வந்து குதித்தார்.

“பேய்க்கு வாடகைக்கு விட்ருக்கேன்னு ஊரே சிரிக்குது. அவியள காலி பண்ணச் சொல்லுங்க!”

பூட்டுக்காரரைக் கூட்டிப்போக மம்சாபுரத்திலிருந்து அவர் மகள் வந்தாள்.

“ஏட்டி, பொழுதடைஞ்சா பூட்டுவியா?”

“பெத்த அப்பனப் பூட்ட எனக்குக் கை வராதுப்பா. அதுபோக, புது வீட்டுக்கு இன்னும் கதவே வைக்கல. சேலையத்தான் தொங்க விட்ருக்கேன்.”

பூட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி ஜெயிலுக்கே போய்விடுவாரோ என்று பயந்தேன். வேறு போக்கிடம் இல்லை. அவள் பின்னாலேயே போனார்.

மனசு கேட்காமல் மறுவாரம் பார்க்கப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. வாசல் சேலை உப்பி உப்பி அடங்கியது. அதற்குக் கீழே இரண்டு கால்கள், அசைவில்லாமல் நீட்டிக் கிடந்தன.

“வாங்க சார்” என்றன கால்கள்.

நிலைப்படியில் குறுக்கே படுத்திருந்தார்.

“தூக்கம் வருதா?” என்றேன்.

“இங்க கதவே நான்தான சார். நான் அடைச்சிப் படுத்தா இவ பயமில்லாம தூங்குதா. இவ கொறட்டச் சத்தம் கேட்ட பொறவு எனக்கும் கண்ணு அசந்துருது.”

“நான் ஒண்ணும் கொறட்ட விடல சார்!” என்றாள் மகள் உள்ளேயிருந்து.

பூட்டும் சாவியும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு அவர் திரும்பி வந்துவிடவே கூடாது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் என் கண் அந்த ஜன்னலுக்குத்தான் போகிறது.