நமுத்த வெடி சார்

வெடிச் சத்தத்துக்கு அவரைப் போல் பயந்த மனிதர் திண்டிவனத்தில் பிறந்ததில்லை. தீபாவளியன்று காதில் பஞ்சடைத்து, மேலே மப்ளர் சுற்றி, கதவைத் தாழிட்டுக்கொள்வார். உத்தியோகமோ வடக்கே ஒரு வெடிமருந்து ஆராய்ச்சிக்கூடத்தில். எண்பதுகளில் வருடாவருடம் லீவில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு, அவருடைய அக்காவிடம் வருவார்.

"அப்படி என்னதான் சார் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"எங்க மருந்து அடிச்சாலும் வெடிக்காது, கொளுத்தினாலும் வெடிக்காது. அதை எழுப்புறதுக்குன்னே ஒரு கருவி இருக்குது. அதை மல்லாட்டைப் பருப்பு, ஒரு வேர்க்கடலை அளவுக்குச் சின்னதாக்கணும். அதான் வேலை."

"ஆயிடுச்சா?"

"மருந்து இன்னும் தூங்கிக்கினுதான் இருக்குது."

வெடிக்காத வெடிக்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று தெருவே அவருக்கு 'நமுத்த வெடி சார்' என்று பெயர் வைத்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஒருமுறை இருவரும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தோம். முன் சீட்டுக்காரர் மடியில் பட்டாசுப் பை, வாயில் பீடி. சொல்லிப் பார்த்தார் சார், அவர் கேட்கவில்லை. கூட்டேரிப்பட்டில் சார் இறங்கிவிட்டார். நானும் இறங்கித் தொலைத்தேன்.

"இன்னா சார் பேஜாரு? டிக்கெட்டு திண்டிவனத்துக்கு வாங்கிக்கினு?" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட்ட நீங்க வச்சுக்குங்க. உசுர நான் எடுத்துக்கினு போறேன்."

நடந்தோம். வழியில் ஒரு கல்குவாரி. பாறையில் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. மேஸ்திரி அதற்குள் ஆட்களைப் பள்ளத்தில் இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்றிருந்த சாரைக் காணோம். ஓடிப்போய்ப் பாதையை மறித்து, கைகளை விரித்து நின்றார்.

"யாரும் உள்ள போகக் கூடாது."

"நீ யாருய்யா? அது நமுத்துப்போச்சு. ஜல்தி வழிய வுடு."

"நமுத்துப்போச்சா, தூங்குதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் நேரம் போகட்டும்."

மேஸ்திரி பிடித்துத் தள்ளினார். சார் மண்ணில் விழுந்து, எழுந்து, மறுபடி அதே இடத்தில் கைகளை விரித்தார்.

அப்போது பாறை வெடித்தது.

தரை அதிர்ந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தோம்: ஆட்கள் இறங்கவிருந்த இடத்தில் வண்டி அளவுக்கு ஒரு கல் கிடந்தது. சார் காதைப் பொத்தவே இல்லை. இரண்டு கைகளும் இன்னும் விரிந்தபடியே இருந்தன.

பிறகுதான் அவர் மண்ணிலேயே உட்கார்ந்தார். கல் சுமக்கும் ஓர் அம்மாள் தன் தூக்குச்சட்டியிலிருந்த கேப்பைக் கூழை அவர் வாயருகே பிடித்தார்.

"மெதுவா குடி சாமி. இன்னா இப்படி உக்காந்துட்ட?"

"சத்தம் கொஞ்சம் பெருசும்மா," என்றார் சார்.

அவருடைய கருவி சின்னதாயிற்றா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது, அது ரகசியமாம். லீவு முடிந்து அவர் ரயிலேறிய மறுநாளே, "உங்க தம்பி மறுபடி எப்ப வர்றாராம்?" என்று அவர் அக்காவைக் கேட்க நான் வேலியோரம் போய் நின்றேன்.