கம்பெனிக்குக் கிடைத்த இலவச வக்கீல்

இலவச வக்கீல் என்றொரு இனம் உண்டு. கம்பெனிக்காரன் இவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை, ஒரு டீ கூட வாங்கித் தருவதில்லை. ஆனாலும் எவருக்காவது மெஷினில் கை போய்விட்டது என்று காதில் விழுந்தால் போதும், ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, பழத்தைக் கட்டிலில் வைக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். தப்பு கைமேல்தான்.

எங்கள் ஊர் துமியாத்தில் தெருவெல்லாம் மரச்சாமான் பட்டறை என்பதால் இந்த இனம் கொழுத்து வளர்கிறது. எங்கள் தெருவுக்கு ஹாஜி பஸ்யூனி. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவர் கையாண்ட ஒரே மெஷின் பென்சில் சீவி.

தச்சு மேஸ்திரி உஸ்தா அத்வாவின் வட்ட ரம்பம் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அணைத்தார், நின்றது. சிக்கிய மரத்துண்டை எடுக்கக் கை நீட்டினார், தானாகவே மறுபடி ஓடியது. இரண்டு விரல் போயிற்று. ரம்பம் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட்டார்.

கோர்ட் அனுப்பிய நிபுணர் பட்டறைக்கு வந்து ரம்பத்தை அணைக்கும் பொத்தானைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர் டீக்கடையிலிருந்து ஹாஜி எழுந்து வந்தார். யார் கூப்பிட்டார்கள்? யாரும் இல்லை.

"உஸ்தா அத்வா தங்கமான மனுஷன்தான். கொஞ்சம் அவசரம். கையுறை போட்டிருந்தா இப்படி ஆகுமா? களா கத்ர்னு எழுதிக்கோங்க சார்."

களா கத்ர், அதாவது இறைவன் விதித்தது. அந்த இரண்டு சொல் காகிதத்தில் ஏறிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் குற்றவாளி இல்லை.

"அணைச்சிட்டுத்தானே ஹாஜி கை வச்சேன்," என்றார் அத்வா. "அந்தப் பொத்தானையும் அல்லாவா செஞ்சான்?"

ஹாஜி அவர் முதுகில் தட்டிக் கொடுத்து, பொறுமையாக இருக்கச் சொன்னார். நிபுணர் அறிக்கையில் ஏறிவிட்ட ஹாஜியின் சாட்சியத்தைக் கம்பெனி வக்கீல் எழுத்துப் பிசகாமல் கோர்ட்டில் வாசித்தார். வழக்கு தள்ளுபடி. அன்று சாயங்காலமே ஹாஜி ஆறுதல் சொல்ல ஆரஞ்சோடு வந்துவிட்டார். மிச்சமிருந்த விரல்களால் அத்வாவுக்கு அதை உரிக்க வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, நீங்கள் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது, ஹாஜி ஒரு மாதிரிதான், ஆனால் அந்தக் கையுறை விஷயம் நியாயம்தானே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? ஓடுகிற ரம்பத்தின் பல் கையுறையைப் பிடித்தால் விரலோடு விடாது, கையையே இழுத்துக்கொள்ளும். எங்கள் பட்டறைகளில் கையுறை போட்டு யாரும் ரம்பத்தின் பக்கம் போவதில்லை. இது எங்கள் தெருவில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்கும் அப்படித் தோன்றியிருந்தால், ஹாஜியோடு சேர்த்து இப்போது இரண்டு பேர்.