சைக்கிளுக்குப் பல் கட்டியவர்

"இது என்ன என் கிண்ணத்துல, கறுப்பா, கொழகொழன்னு?"

மனைவி நீட்டிய எவர்சில்வர் கிண்ணத்தைப் பல்லுக்காரர் எட்டிப் பார்த்தார். நேற்று மாலை ஊறப்போட்டபோது அது ஒரு சின்னப் பல்சக்கரமாக இருந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் லேபில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பவர். முப்பது வருஷத் தொழில்.

"பாப்பா சைக்கிளோட பார்ட்டு," என்றார் மெதுவாக. "பிசுக்கு போகட்டும்னு லேப் லிக்விட்ல போட்டு வச்சேன்."

"எந்த லிக்விட்டு?"

"ஈறு செய்யற பவுடரைக் குழைப்போமே, அதுதான். மேஜையில எண்ணெய் கொட்டினா அதைத் தொட்டுத்தான் துடைப்போம்."

"அதுக்கு என் கிண்ணம்தான் கிடைச்சுதா?"

"இதுக்குத்தான் மூடி இருந்துச்சு."

"அந்த சைக்கிளைத் தொடாதீங்கன்னு அவ எத்தனை தரம் சொல்லியிருப்பா?"

வாரத்துக்கு ஒரு தரம். மகள் வெளியூருக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. "அவ்வளவு தூரம் போய்த்தான் வேலை பாக்கணுமா?" என்று இவர் கேட்டார். "ஆமா" என்றாள் அவள். இருவரும் கடைசியாக முகம் பார்த்துப் பேசியது அதுதான். அதன்பிறகு ஞாயிறுதோறும் அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசுவாள். முடித்ததும் ஃபோன் இவர் கைக்கு வரும்.

"சைக்கிள் எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"எதையும் கழட்டலையே?"

"நான் ஏன் கழட்டப்போறேன்?"

"கழட்டாதீங்கப்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும். சரி, வச்சிடறேன்."

ஊரே நம்பி அவர் கைவேலையை வாயில் வைத்துக்கொள்கிறது. பெற்ற பெண்ணுக்கு ஒரு சைக்கிள் விஷயத்தில் நம்பிக்கை இல்லையே என்று உள்ளுக்குள் ஒரு முள். ஆனாலும் அந்த அரை நிமிஷத்துக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

மலைப் பாதையில் ஓட்டுகிற அந்தக் காலத்து சைக்கிள் அது. மகளைவிட ஆறு வயது மூத்தது. தடித்த டயர், கட்டைவிரலால் தள்ளுகிற கியர். அவள் காலேஜில் சேர்ந்தபோது பழைய சாமான் கடை கடையாக அலைந்து தேடி, வெயிலில் அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவள் அதைக் கட்டிக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை. வருகிற ஞாயிறு வந்து அதை எடுத்துப் போகப்போகிறாள். பளபளவென்று கொடுத்தால் ஒரு வார்த்தை கூடப் பேசமாட்டாளா என்றுதான் கழற்றினார்.

சைக்கிள் கடைக்காரர் அந்தக் கொழகொழப்பைத் தாளில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"பின் கியருக்கு அடியில சங்கிலியை இழுத்துப் பிடிக்குமே, அந்த புல்லி சார் இது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்கும், ரெண்டும் ஒரே அளவு. இது கீழ உள்ளது. என்னத்துல போட்டீங்க?"

"சோப்புத் தண்ணியில."

"கம்பெனி புல்லி பெட்ரோல்ல போட்டாக்கூட கரையாதே."

"பழசு இல்லையா, அதான்."

"பழசுதான் சார் கெட்டி."

பல்லுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்ககிட்ட இருக்கா, இல்லையா?"

"இந்த மாடல் நின்னுபோய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப வர்றது தடிமன் ஜாஸ்தி. வேணும்னா போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். போகவில்லை. சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். புல்லி போகவில்லை, அதைப் பிடிக்கவேண்டிய தகடுதான் வளைந்தது. குறடு போட்டுத் தகட்டை நிமிர்த்தவே ஒரு மாலை போயிற்று.

"விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி. "நான்தான் உடைச்சேன்னு சொல்லிட்டா என்ன? கொன்னா போட்டுடுவா?"

"நான் முப்பது வருஷமா பல்லு செய்யறேன். இது பத்து பல்லு. அதுவும் வட்டமா."

மேல் புல்லியைக் கழற்றி லேபுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டரில் அச்செடுத்தார். அச்சு பிரமாதம். அதிலிருந்து புல்லியை வெளியே எடுக்கக் கொஞ்சம் பலமாக அடித்துவிட்டார். அதில் நான்கு பல் போயிற்று. காலையில் ஒரு புல்லி இல்லாமல் இருந்த சைக்கிளுக்கு, சாயங்காலம் இரண்டும் இல்லை.

அச்சு மட்டும் பிழைத்தது. பவுடரைக் குழைத்து ஊற்றி, வேகவைத்து, தேய்த்து, இரண்டு புல்லி செய்துவிட்டார். மயிரிழை பிசகாமல் பொருந்தின. சங்கிலி வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆனால் லேபில் இருந்த பவுடர் ஈறு நிறம்.

மனைவி குனிந்து பார்த்தாள். "சைக்கிள் கொட்டாவி விடற மாதிரி இருக்கு."

கறுப்புப் பெயின்ட் அடித்தார். நாலு சுற்றில் பெயின்ட் உரிந்து சங்கிலியெல்லாம் அப்பிக்கொண்டது. சங்கிலியைத் துடைத்ததில் வியாழக்கிழமை காலியானது.

வெள்ளிக்கிழமை லேப் அலமாரியின் கடைசித் தட்டில் வேறு எதையோ துழாவியபோது ஒரு குட்டிப் புட்டி கையில் பட்டது. கறுப்புச் சாயப்பொடி, பாதி தீர்ந்தது. பல்செட் செய்கிற இடத்தில் கறுப்புக்கு என்ன வேலை, யார் வாங்கினார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். யோசிக்க நேரமில்லை. ரோஸ் புல்லியையே வைத்து மறுபடி அச்செடுத்து, கறுப்பாகவே இரண்டு செய்து, பல்செட் அனுப்புகிற லேப் டப்பா ஒன்றில் போட்டு மூடினார்.

சனிக்கிழமை மதியம் வீட்டு முற்றத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். கீழ் வரிசைப் பல் பதினாலும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"இதையா மாட்டப்போறீங்க?" என்றாள் மனைவி.

அவர் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. டாக்டர்.

"நான் கேட்டது கீழ் பல்செட்டு. நீங்க கறுப்பா, வட்டமா ரெண்டு அனுப்பியிருக்கீங்க."

"டாக்டர், அது வந்து..."

"பேஷன்ட் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார். புது மாடலா டாக்டர், எது மேல எது கீழன்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?"

அவர் பல்செட்டோடு ஓடினார். ஹெட்மாஸ்டர் வாயில் பல் ஏறி, புல்லிகள் லேபுக்குத் திரும்பி வந்தபோது மணி நாலு. லேப் முதலாளி அவற்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"முப்பது வருஷத்துல உங்க மேல ஒரு புகார் வந்ததில்லை. என்ன இது?"

பல்லுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிண்ணம், தகடு, நான்கு பல், பெயின்ட், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நாளைக்குக் காலையில வர்றா. பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவா. எங்கிட்ட அவ பேசறதே அந்த சைக்கிளைப் பத்தி மட்டும்தான் சார். இனிமே அதுவும் இருக்காது."

உள்ளேயிருந்து பிளாஸ்டர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அச்சு வேலையெல்லாம் அவள்தான். முதலாளிக்கே அவள் அக்கா. அவளோ பல்லுக்காரரை அண்ணே என்பாள். ஒரு புல்லியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தாண்ணே வந்திருக்கு. கறுப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல். நான் போட்டப்ப இன்னும் கம்மியாத்தான் போட்டேன்."

"நீங்க எப்ப போட்டீங்க?"

"பாப்பா வெளியூர் போறதுக்கு முந்தின வாரம், உடைஞ்ச கீழ் புல்லியை எடுத்துக்கிட்டு வந்து இங்கதானே நின்னு அழுதுச்சு: 'அப்பா ஆசை ஆசையா தேடி வாங்கினது அக்கா, நான் உடைச்சிட்டேன், எப்படியாவது இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க, அவர் மட்டும் கழட்டிப் பார்த்தாருன்னா கண்டுபிடிச்சிடுவாரு'ன்னு."