நாற்பது கிராம் குறைகிறது, மச்சான்

முத்தையாபுரம், தூத்துக்குடி
டிசம்பர் 4, வியாழக்கிழமை

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் அற்புதமணி அவர்களுக்கு, தங்கள் தங்கை கிரேசியின் வீட்டுக்காரன் தனராஜ், கர்த்தரின் நாமத்தில் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே கிரேசி சுகம். உங்கள் மருமகன் ரெனிஷ் சுகம். எனக்கு வலது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லாம் சுகம். வீட்டில் சுகமில்லாதது கேமரா ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று நீங்கள் யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. என் போனை எனக்குச் சரிபண்ணிக் கொடுத்தவன் ரெனிஷ். அதன் பூட்டும் அவன் போட்டது, திறப்பும் அவனுக்குத் தெரியும். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவன் கைக்கே எழுதியது போய்ச் சேரும். ஆகவே உங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்து அம்மார் சனிக்கிழமை விமானம் ஏறுகிறானே, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கிரேசி உங்களுக்குக் கொடுத்துவிடும் மக்ரூன் டப்பாவின் அடியில் இந்தக் கவர் இருக்கும். மக்ரூனை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மார் நல்ல பையன்தான், இருந்தாலும் எண்ணிக்கொள்ளுங்கள். மொத்தம் நாற்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "மாப்ள, ரெனிஷோட பழைய சினிமா கேமராவ அப்கிரேட் பண்ணி ஓட்டுவமா, இல்ல நான் கிறிஸ்மஸுக்கு வரும்போது புதுசே வாங்கிட்டு வந்திரட்டுமா? நீரு தகப்பன். நீரு சொல்லுததுதான்" என்றீர்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவையில் முடித்த என்னிடம் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் பதில் சொல்வதற்கு முன் விசாரிக்க வேண்டுமே. விசாரித்தேன். விசாரித்ததில் விஷயம் வேறு எங்கோ போய் நிற்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். சென்னையில் இருந்து ஒரு கூட்டம் ஜனவரியில் இங்கே வருகிறது. முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்களாம். நம் ரெனிஷ் எடுத்த கல்யாண வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இவனை இரண்டாவது கேமராமேனாகச் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் சொந்தக் கேமரா சரியாக இருக்க வேண்டும், கிறிஸ்மஸ் வாரத்துக்குள் ஒரு மாதிரி எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இது கிடைத்தால் இனி மாப்பிள்ளை பெண்ணுக்குப் பால் ஊட்டுவதையே எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும் மச்சான். ராத்திரி சாப்பாட்டில் மீன் துண்டு மிச்சம் வைக்கிறான், அதை வைத்தே சொல்கிறேன்.

அக்டோபர் மாதம் அவன் என்ன சொன்னான்? "அப்பா, கேமரா நல்லாத்தான் இருக்கு. சென்சார் மட்டும் பழசு. இருட்டுல எடுத்தா படம் புள்ளி புள்ளியா வருது" என்றான். ஒரு கல்யாண வீடியோவைக் காட்டினான். பெண்ணின் அத்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். அதுதான் அந்தப் புள்ளியாம். இந்தக் கேமராவை ரிப்பேர் பார்க்கும் பாண்டியராஜ் பாளையங்கோட்டை ரோட்டில் கடை வைத்திருக்கிறான். அவனும் அதையே சொன்னான். "அண்ணாச்சி, இதுல இந்தப் பெட்டியத்தான் மூளைன்னு சொல்லுவோம். கம்பெனிக்கு அனுப்பினா மூளைக்குள்ள உள்ளத மட்டும் மாத்தித் தருவான். மத்த சாமான் எல்லாம் இதே போதும்" என்றான். அந்த வசதி மனிதர்களுக்கும் இருந்தால் உங்கள் தங்கை என்னைத்தான் முதல் பார்சலில் அனுப்பியிருப்பாள். போகட்டும். அப்போது முடிவு என்ன? அப்கிரேட். அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நவம்பருக்கு வாருங்கள். அதே ரெனிஷ், அதே பாண்டியராஜ், அதே கேமரா. கேமரா திடீர் திடீரென்று அணைகிறது என்று கடைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்து, "அப்கிரேட் சரிப்படாதுப்பா, புதுசுதான் வாங்கணும்" என்கிறான். ஏம்ல என்று கேட்டேன். "அது அப்படித்தான்ப்பா" என்கிறான். ஒரு மாதத்தில் அப்கிரேட் எப்படிப் புதுசு ஆயிற்று? ஒருநாள் நான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வரி. "அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க அண்ணே." நான் கையில் இருந்த வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மச்சான், முப்பத்துநாலு வருஷம் உப்பு யார்டு எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். எத்தனை லாரி, எத்தனை டிரைவர். வெறும் வண்டியை எடை போடும்போது கிளீனரையும் தண்ணீர்க் கேனையும் ஸ்டெப்னியையும் வண்டிக்குள் வைத்துக்கொள்வான். பாரம் ஏற்றி வரும்போது எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புளியமரத்தடியில் நிற்பான். மழைக்காலத்தில் நனைந்த உப்பைக் கொண்டுவந்து தண்ணீரையும் சேர்த்து எடை காட்டுவான். உப்பு ஈரத்தை இழுத்துக் கசிந்து, மூட்டையின் அடியில் இரும்புத் தகட்டையே தின்றுவிடும் நாட்கள் அவை. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இந்த வண்டியில் ஆள் இருக்கிறான் என்று. ஆகவே எந்தச் சாமான் என் வீட்டை விட்டு வெளியே போனாலும் போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. அயர்ன் கடைக்குப் போகும் துணிக்குக்கூட இதுதான். கிரேசி தலையில் அடித்துக்கொள்வாள்.

கேமரா விஷயத்தில் நான் எவ்வளவு அக்கறையாக இருந்தவன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐப்பசி மழை பிடித்ததும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று ரெனிஷ் கேமரா பைக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்களைப் போட்டு வைத்தான். எடுத்துப் பார்த்தேன். தின்னாதே என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. தின்னக்கூடாத சாமானை வீட்டில் எதற்கு வைப்பது? தூரப் போட்டுவிட்டேன். ஈரத்தை இழுக்க நம் ஊர்க் கல்லுப்பை விட ஒரு சாமான் உண்டா? பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு கைப்பிடி கல்லுப்பை இரண்டு முடிப்பாகக் கட்டி, பைக்குள் அடித்துணிக்குக் கீழே கேமராவை அணைத்தாற்போல் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்கிற நல்லதைத் தண்டோராப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. வாரம் ஒருமுறை பார்ப்பேன். முடிப்பு நனைந்து இளைத்துப் போயிருக்கும். அவ்வளவு ஈரத்தை இழுத்திருக்கிறது பாருங்கள்! மறுபடி உப்புப் போட்டு நிரப்புவேன். மூன்று தடவை நிரப்பினேன்.

சரி, எடைக்கு வருகிறேன். ரெனிஷ் கேமராவைக் கடைக்குக் கொண்டுபோகும் நாள் காலையில், அவன் குளிக்கும் நேரம் பார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை சிவபாலன் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்கு ஓடினேன். லென்ஸ் கிடையாது, பேட்டரி ஒன்று, என் உப்பு முடிப்பு இரண்டையும் வெளியே எடுத்துவிட்டேன். அதிலெல்லாம் நான் கோட்டை விடமாட்டேன். தராசில் இருந்த பருப்புத் தட்டை இறக்கிவிட்டுப் பையை ஏற்றினேன்.

"என்ன அண்ணாச்சி, கேமரா கிலோ என்ன வெலைக்குத் தாரீய?" என்றார் சிவபாலன்.

"ஒம்ம சோலியப் பாரும். எத்தன காட்டுது?"

"ரெண்டு கிலோ நானூத்திப் பதினஞ்சு. காய்ஞ்ச மொளகான்னா இந்த எடைக்கு ஒரு சாக்கு ரொம்பியிருக்கும்."

பிறகு முடிப்பை உள்ளே வைத்து, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நேற்று கேமரா திரும்பி வந்தது. மறுபடி ஓடினேன். அதே தராசு, அதே பை, அதே பேட்டரி. இரண்டு கிலோ முந்நூற்று எழுபத்தைந்து. நாற்பது கிராம் குறைகிறது, மச்சான்! தராசைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் சீரகம் வாங்க நின்ற பொம்பளையின் அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை ஏற்றிப் பார்த்தேன். தராசு சரியாக இருக்கிறது. அது மட்டுமா, நான் வைத்த உப்பு முடிப்பு இரண்டையும் காணோம். காசுக்கு ஆகாத உப்பைக்கூட விட்டுவைக்காதவன் மூளையை விட்டுவைப்பானா?

கிரேசியிடம் சொன்னேன்.

"நாப்பது கிராமுக்கு என்னத்தங்க எடுத்திருப்பான்?" என்றாள்.

"மூளையில நாப்பது கிராம்னா சும்மாவா? ஒனக்கு ஒரு நாப்பது கிராம் கொறஞ்சா தெரியும்."

"எனக்குக் கொறைஞ்சுதான் ஒங்களக் கெட்டிக்கிட்டேன். ஒங்களுக்கு ஒலகத்துல எல்லாவனும் லாரி டிரைவரு. பெத்த பிள்ளையுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கும் குத்துகிறது. ஆனால் என் கணக்கு இப்படி: பாண்டியராஜ் உள்ளே இருந்த நல்ல உருப்படி ஒன்றைக் கழற்றிவிட்டான். அது இல்லாததால் இனி அப்கிரேட் செல்லாது. புதுசு வாங்கினால் அவனுக்குக் கேமரா கம்பெனியில் இருந்து ஏதோ கமிஷன் வருகிறது. ரெனிஷுக்கு இது தெரியும், ஆனால் புதுக் கேமரா ஆசையில் வாயை மூடிக்கொண்டான். பிள்ளை கெட்டவன் இல்லை. ஆசைப்பட்டுவிட்டான், அவ்வளவுதான்.

ஆகையால் மச்சான், தகப்பன் என்ற முறையில் என் முடிவு இது. புதுசு வாங்காதீர்கள். கடைக்காரனிடம் விலைகூடக் கேட்காதீர்கள். நாளைக் காலை நான் நேரில் பாண்டியராஜ் கடைக்குப் போய், இரண்டு எடையையும் மேசையில் வைத்து, அந்த நாற்பது கிராமைக் கறந்துகொண்டு வருகிறேன். அதை உள்ளே மாட்டி, அப்கிரேட்டுக்கு அனுப்பி, சென்னைக்காரர்களுக்கு மாதிரி எடுத்து அனுப்புவது என் பொறுப்பு.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். நீங்கள் வரும் வழியெல்லாம் கர்த்தர் துணையாக வந்து, ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடாமல் உங்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் தினமும் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஏமாறாத தங்கள் மைத்துனன்,
தனராஜ்

பின்குறிப்பு (வெள்ளி, மத்தியானம்): கவரை ஒட்டவில்லை, நல்லதாயிற்று. கடைக்குப் போனேன். வாசலில் நாலு பேர் நிற்கும்போதே, "ஏலே பாண்டியராஜு, எம் மவன் மூளைய எங்கல வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் செத்துப் போயிற்று. "அண்ணாச்சி, ரெனிஷ் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கான். ஆனா திருடன்னு சொல்லுதீய, இனி எப்படிப் பொறுக்க?" என்று மேசை இழுப்பறையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் வைத்தான். "கேமராக்குள்ளயும் பைத் தையல்லயும் சொரண்டி எடுத்தது. உப்புத் தண்ணி எறங்கி போர்டு முழுக்கத் தின்னுட்டு. இனி இத கம்பெனிக்காரன் அப்கிரேட்டுக்கு எடுக்க மாட்டான். முடிப்பு ரெண்டையும் ரெனிஷ்தான் வீசினான். அப்பா நல்லதுக்குத்தான் வச்சிருப்பாரு, தெரிஞ்சா சோறு எறங்காது, பழசாயிட்டுன்னே சொல்லிருங்கண்ணேன்னான்."

நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன் மச்சான். நம்ம யார்டு உப்புதான்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். புதுசே வாங்கி வாருங்கள். இருபத்தொன்றாம் தேதி நீங்கள் இறங்கினால் மாதிரி எடுத்து அனுப்ப நாள் இருக்கிறது. அந்தத் தின்னக்கூடாத வெள்ளைப் பொட்டலங்கள் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். பாண்டியராஜிடம் அந்த நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எனக்கு விஷயம் தெரியும் என்று ரெனிஷிடம் சொல்லாதே என்று நானும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பழசாகிவிட்டது என்று அவன் சொன்னால், ஆமாம் பழசு என்று தலையாட்ட வேண்டும். நானும் அப்படியே ஆட்டுவேன்.

வரும் வழியில் சிவபாலன் கடையில் அந்தக் கவரை மட்டும் தராசில் வைத்தேன். சரியாக நாற்பது கிராம். எடையில் மட்டும் நான் தப்பவில்லை.